மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 24 உலகக் காசநோய் நாளை ஒட்டி நாளிதழ்களில் அரைப் பக்கமாவது கட்டுரை வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மாத்திரையை ஆறு மாதம் விடாமல் சாப்பிடுங்கள், சத்தாகச் சாப்பிடுங்கள் என்று அதில் இருக்கும். எல்லாம் சரியான செய்திதான். ஆனால் ஏன் ஆறு மாதம், ஏன் ஒரே நோய்க்கு நான்கு மருந்து, அந்த மருந்து உள்ளே போய் எதைப் பிடித்து எதை நிறுத்துகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை.

வேலூர் மாவட்டத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள், கைலி நெய்கிறவர்கள், பேரணாம்பட்டு ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்புக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்கள் அதிகம். மருந்து ஜன்னலில் நின்று இத்தனை வருடம் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். காரணம் சொல்லாமல் கொடுத்த கட்டளையை, உடம்பு தேறியதும் மனிதர்கள் விட்டுவிடுகிறார்கள். காரணம் சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். படிக்காதவர்களுக்குப் புரியாது என்ற பேச்சை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

ஷூ கம்பெனியில் வேலை பார்த்த ஒரு தம்பி. மாத்திரை ஆரம்பித்த முதல் வாரமே முகம் வெளுத்துப்போய் வந்து நின்றார். "சார், ஒண்ணுக்கு ரத்தமாப் போகுது. மாத்திரை ரொம்ப சூடு. எனக்கு வேணாம்." வீட்டில் அம்மாவும் பயந்து அழுதிருக்கிறார். மாத்திரை கொடுத்த இடத்தில் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை உட்கார வைத்து, அட்டையில் இருந்த மாத்திரையை எடுத்துக் காட்டினேன். ரிஃபாம்பிசின் என்ற மருந்தே செங்கல் நிறம். குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் கலந்து, வேலை முடிந்து ஒரு பகுதி சிறுநீரில் வெளியே வருகிறது. அதனால்தான் ஆரஞ்சாக, சில சமயம் சிவப்பாகவே போகிறது. வியர்வையிலும் கண்ணீரிலும்கூட வரும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு லென்ஸில் கறை பிடிக்கும். நிறம் வருகிறது என்றால் மருந்து உடம்புக்குள் ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நிறம் வரவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும் என்று சொன்னேன். அந்தத் தம்பி ஆறு மாதமும் முடித்தார். அப்புறம் அவருடைய தெருவில் யாருக்கு மாத்திரை ஆரம்பித்தாலும், நிறத்தைப் பற்றி முதலில் போய்ச் சொல்கிறவர் அவராகவே இருந்தார்.

அதே ரிஃபாம்பிசின் கிருமிக்குள் போய் என்ன செய்கிறது? எந்த உயிரும் வாழவேண்டுமானால் புரதம் செய்ய வேண்டும். அதற்கு டி.என்.ஏ.வில் எழுதியிருப்பதை ஆர்.என்.ஏ. என்ற இழையாகப் படி எடுக்க வேண்டும். படி எடுக்கிற வேலையை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி செய்கிறது. நெசவு தெரிந்தவர்களிடம் நான் இப்படித்தான் சொல்வேன்: தறியில் நெய்த துணி சுருண்டு போகிற வழியில் ஒரு கட்டையைச் செருகிவிட்டால் என்ன ஆகும்? நூல் இருக்கும், ஆள் இருப்பார், இரண்டு விரற்கடை நெய்ததும் தறி நின்றுவிடும். ரிஃபாம்பிசின் அந்த நொதியில் இழை வெளியே வரவேண்டிய பாதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இழை இரண்டு மூன்று எழுத்து நீளத்துக்கு வளர்ந்ததும் மருந்தின்மேல் முட்டி நின்றுவிடுகிறது. புதுப் புரதம் இல்லாமல் கிருமி சாகிறது. நம் செல்களிலும் இதே வேலை செய்யும் நொதி உண்டு. ஆனால் மருந்து உட்காரும் அந்த இடத்தின் அமைப்பு நம்முடையதில் வேறு. அதனால் நமக்கு அந்த வழியில் பாதிப்பு இல்லை.

1957-ல் இத்தாலியின் மிலான் நகரத்து லெபெட்டிட் ஆய்வகத்தில், பிரான்ஸின் தெற்குக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த மண்ணில் வளர்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்துதான் இந்த வகை மருந்தைப் பிரித்தார்கள். அப்போது கிடைத்தது வாய் வழியாகக் கொடுத்தால் உடம்பில் சேரவில்லை. மூலக்கூறில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்து செய்து, 1960-களின் நடுவில்தான் மாத்திரையாக விழுங்கக்கூடிய ரிஃபாம்பிசின் வந்தது.

இப்போது சளி கொடுத்தால் சி.பி.நாட் என்ற கருவியில் வைத்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்கிறார்கள். அது கிருமி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பதில்லை. நான் மேலே சொன்ன நொதிக்கான மரபணுவில், மருந்து உட்காரும் இடத்தை எழுதியிருக்கும் 81 எழுத்துகளையும் சோதிக்கிறது. அந்த 81-ல் ஒன்று மாறியிருந்தாலே நொதியின் வடிவம் சற்று மாறி, மருந்து உட்கார முடியாமல் போகலாம். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத காசநோய்க் கிருமிகளில் ஏறக்குறைய 95 சதவீதத்துக்கு மாற்றம் இந்தச் சிறிய இடத்தில்தான் இருக்கிறது. ஒரு தாலுகா மருத்துவமனையின் மூலையில் இருக்கும் பெட்டி இவ்வளவு நுணுக்கமான வேலையைச் செய்கிறது என்று தெரிந்தால், சளி டப்பாவை வாங்கிப் போய்த் திண்ணையில் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் குறைவார்கள். டப்பாவில் எச்சிலைத் துப்பாமல், காலையில் ஆழமாக இருமி உண்மையான சளியை எடுத்துத் தருவார்கள்.

அடுத்தது ஐசோனியாசிட். எனக்கு மிகவும் பிடித்த மருந்து இது. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல அனுமதியுங்கள்.

மிகச் சிறிய மூலக்கூறு. எல்லா அணுக்களையும் எண்ணினால் 17 தான். 1912-லேயே பிராக் நகரத்தில் இதைத் தயாரித்துவிட்டார்கள், ஆனால் எதற்கு ஆகும் என்று தெரியாமல் 40 ஆண்டு கிடந்தது. 1952-ல்தான் காசநோய்க்கு ஆகும் என்று கண்டுபிடித்தார்கள். அது எப்படிக் கொல்கிறது என்ற முடிச்சு அவிழ 1990-கள் வரை ஆனது.

நாம் விழுங்கும் ஐசோனியாசிட் அந்த நிலையில் கிருமியை ஒன்றும் செய்யாது. அதை மருந்தாக்குவது கிருமிதான். நம் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கியதும் அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அரிக்கும் பொருள்களை விடுகின்றன. அதைச் சிதைத்துத் தப்பிப்பதற்காகக் கிருமி கேட்-ஜி என்ற நொதியை வைத்திருக்கிறது. ஐசோனியாசிட் உள்ளே நுழைந்ததும் இந்தக் கேட்-ஜி அதையும் பிடித்து மாற்றிவிடுகிறது. மாறிய துண்டு, கிருமிக்குள் எப்போதும் இருக்கும் என்.ஏ.டி. என்ற மூலக்கூறோடு இணைகிறது. இரண்டும் சேர்ந்து உருவானதுதான் உண்மையான மருந்து. அது இன்ஹா என்ற இன்னொரு நொதிக்குள் போய் உட்கார்ந்து, அதன் வேலையை நிறுத்திவிடுகிறது.

இன்ஹாவின் வேலை என்ன? காசநோய்க் கிருமியின் மேலுறையில் மைக்கோலிக் அமிலம் என்று ஒரு கொழுப்பு இருக்கிறது. சமையல் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் அணுக்கள் வரிசையாக இருக்கும். மைக்கோலிக் அமிலத்தில் 60 முதல் 90 வரை. அவ்வளவு நீளமான, மெழுகான கொழுப்பு. சாதாரண ஆன்டிபயாடிக்குகள் பலவும் இந்தக் கிருமிக்குள் எளிதில் போக முடியாததற்கு இந்த உறை ஒரு முக்கியக் காரணம். இந்த நீளச் சங்கிலியைக் கட்டுவதில் இன்ஹாவுக்குப் பங்கு உண்டு. அது நின்றால் உறை இல்லை. உறை இல்லாமல் பெருகப் போகிற கிருமி செத்துவிடும். மனித உடம்பில் மைக்கோலிக் அமிலம் எங்குமே கிடையாது. அதனால் இந்த மருந்து குறிவைப்பது நம்மிடம் இல்லாத ஒன்றை.

இதிலேயே கிருமி தப்பிக்கும் வழியும் இருக்கிறது. கேட்-ஜி நொதியில் 315-வது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கும். அது த்ரியோனின் என்ற இன்னொன்றாக மாறிவிட்டால் போதும். நொதி பெராக்சைடைத் தொடர்ந்து சிதைக்கும், ஐசோனியாசிடை மட்டும் சரியாக மாற்றாது. அப்புறம் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் அந்தக் கிருமிக்குள் மருந்து உருவாகாது.

பாதம் மரத்துப்போகிறது, ஊசி குத்துகிறது என்று இரண்டாம் மாதத்தில் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஐசோனியாசிட் நம் உடம்பில் வைட்டமின் பி-6 வேலை செய்வதைக் குறுக்கே நின்று தடுக்கிறது. நரம்புக்கு அந்த வைட்டமின் வேண்டும். அதனால்தான் கூடவே ஒரு சின்ன பி-6 மாத்திரை தருகிறோம். அதைச் சத்து மாத்திரை என்று நினைத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அல்லது தூக்கிப் போடுகிறார்கள். சர்க்கரை நோயாளிகளும் தினமும் குடிக்கிறவர்களும் இதைக் கட்டாயம் விடக்கூடாது. இந்த மருந்தை உடம்பு வெளியேற்றும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதன்மேல் அசிட்டைல் என்ற சிறு துண்டை ஒட்டித்தான் வெளியே அனுப்புகிறது. நம் பகுதி மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நொதி மெதுவாக வேலை செய்யும் வகை. அவர்கள் உடம்பில் மருந்து அதிக நேரம் தங்கும்.

பைரசினமைடையும் கிருமிக்குள் இருக்கும் நொதிதான் மருந்தாக மாற்றுகிறது. இது நன்றாக வேலை செய்வது அமிலத்தன்மை உள்ள இடத்தில். நுரையீரலில் வீக்கம் கண்ட இடங்களும், கிருமியை விழுங்கிய வெள்ளை அணுக்களின் உட்பகுதியும் அப்படிப்பட்டவை. மற்ற மருந்துகளுக்குச் சரியாக அகப்படாமல் அங்கே மந்தமாகக் கிடக்கும் கிருமிகளை இதுதான் பிடிக்கிறது. முதல் இரண்டு மாதம் இதைச் சேர்த்துக் கொடுத்ததால்தான் ஒன்பது மாதச் சிகிச்சையை ஆறு மாதமாகக் குறைக்க முடிந்தது. மூட்டு வலிக்கிறது என்று வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். இந்த மருந்து சிறுநீரகத்தில் யூரிக் அமிலம் வெளியேறுவதைக் குறைக்கிறது, அது ரத்தத்தில் ஏறுகிறது, மூட்டு வலி வருகிறது. மூன்றாம் மாதம் இந்த மருந்து நின்றதும் சரியாகிவிடும் என்று காரணத்தோடு சொன்னால் பொறுத்துக்கொள்கிறார்கள்.

நான்காவது எத்தாம்புடால். கிருமியின் உறையில் சர்க்கரையால் ஆன ஓர் அடுக்கு உண்டு, மைக்கோலிக் அமிலம் ஒட்டிக்கொள்வதே அதன்மேல்தான். எத்தாம்புடால் அந்த அடுக்கைக் கட்டும் நொதிகளை நிறுத்துகிறது. சிலருக்கு இது கண் நரம்பைப் பாதிக்கும். பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாவிட்டாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சாயம் போட்ட நூலை நாள் முழுக்கப் பார்க்கும் நெசவாளர்கள் இதை மற்றவர்களைவிட முன்னதாகவே கவனித்துவிடுவார்கள். அவர்களிடம் சொல்லி வைத்தால் போதும்.

இனி ஆறு மாதக் கேள்வி. வயிற்றுப்போக்கு தரும் கிருமிகளில் சில, வசதியான இடம் கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமி இரண்டாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். சில கிருமிகள் அந்த வேகத்தில்கூடப் பெருகாமல், மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஐசோனியாசிட் புது உறை கட்டுகிற கிருமியைத்தான் கொல்லும். கட்டாமல் சும்மா கிடப்பதை ஒன்றும் செய்யாது. முதல் சில நாட்களில், வேகமாகப் பெருகிக்கொண்டிருந்த பெரும் கூட்டம் செத்துவிடும். இருமல் குறையும், காய்ச்சல் நிற்கும், பசி எடுக்கும், எடை ஏறும். "நான் தேறிட்டேன் சார்" என்று ஆள் சொல்வது அப்போதுதான். அவர் சொல்வது பொய் இல்லை, உண்மையிலேயே தேறியிருக்கிறார். ஆனால் மிச்சம் இருப்பவை அந்த மந்தமான கிருமிகள். அவை அவ்வப்போது சற்று விழித்து, கொஞ்சம் ஆர்.என்.ஏ. எழுதிவிட்டு மறுபடி அடங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ரத்தத்தில் ரிஃபாம்பிசின் இருக்க வேண்டும். எது எப்போது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் தினமும் இருக்க வேண்டும். அத்தனையும் ஒருமுறையாவது விழித்து மாட்டிக்கொள்ளத்தான் அந்த மீதி நான்கு மாதம்.

நான்கு மருந்து எதற்கு என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நுரையீரலில் குழி விழுந்திருந்தால் அதில் பத்துக் கோடி கிருமிகள் இருக்கக்கூடும். மருந்தையே பார்த்திராத கிருமிகளில்கூட, தோராயமாகப் பத்து லட்சத்தில் ஒன்று பிறவியிலேயே ஐசோனியாசிடுக்கு அடங்காததாக இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று. அப்படியானால் அந்தக் குழியில் ஐசோனியாசிடுக்கு அடங்காதவை நூறாவது இருக்கும், ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது ஒன்றாவது இருக்கும். ஒரே மருந்து கொடுத்தால் அந்த நூறும் தப்பித்து, போட்டியில்லாத இடத்தில் பெருகும். ஆனால் இரண்டுக்கும் சேர்ந்து அடங்காத கிருமி கோடி கோடியில் ஒன்றுதான். அவ்வளவு கிருமி எந்த மனித உடம்பிலும் இல்லை. பீடி சுற்றும் பெண்களுக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆயிரம் பீடிக்கு எவ்வளவு கூலி, எத்தனை கழிவு என்று தினமும் கணக்குப் போடுகிறவர்கள் அவர்கள்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் ஊசி மருந்து வந்த புதிதில் பிரிட்டனில் அதை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 1948-ல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் ஊசி போட்ட 55 பேரில் 4 பேரும், போடாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள். மகத்தான வெற்றி என்று தோன்றியது. ஆனால் ஊசி போட்ட பலரிடம் மருந்துக்கு அடங்காத கிருமி பெருகியது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகுதான் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். வீட்டில் மாத்திரைகளைப் பிரித்து, "இது ஒத்துக்கொள்கிறது, அது ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒன்றை மட்டும் தொடர்கிறவர் அந்தப் பழைய சோதனையைத் தன் உடம்பில் திரும்பச் செய்கிறார். நான்கையும் ஒரே மாத்திரையில் அடைத்துத் தருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த மாத்திரையில் ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைடு 400, எத்தாம்புடால் 275 மில்லிகிராம் இருக்கும். எடைக்குத் தக்கபடி எண்ணிக்கை. அதனால்தான் மாத்திரை தருவதற்கு முன் எடை பார்க்கிறார்கள், அது வெறும் சடங்கு இல்லை.

நம் ஊரின் பங்கையும் சொல்ல வேண்டும். 1956-ல் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. சேத்துப்பட்டில் இன்று இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமையில் 193 ஏழை நோயாளிகளை எடுத்து, ஒரு பகுதியினரை சானடோரியத்தில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு என்று வைத்தார்கள். மற்றவர்களைக் குடிசை வீட்டிலேயே விட்டு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. காசநோய் என்றால் ஊரைவிட்டு ஒதுக்கிப் படுக்க வைக்க வேண்டும் என்ற முறை உலகம் முழுக்க மாறியதற்கு சென்னையில் செய்த இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். சத்துணவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். மருந்து மூலக்கூறு கிருமியைப் போய்ச் சேர்ந்தால் அது குடிசையா மாளிகையா என்று பார்ப்பதில்லை என்பதை இந்த ஊர்தான் உலகத்துக்குக் காட்டியது.

போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே சில விஷயங்களை அழுத்திச் சொல்கிறேன். சாப்பாட்டோடு சேர்த்தால் ரிஃபாம்பிசின் ரத்தத்தில் சேருவது குறையும், அதனால் வெறும் வயிறு நல்லது. குமட்டினால் டாக்டரைக் கேட்டு லேசாக ஏதாவது சாப்பிடலாம், மாத்திரையை நிறுத்தக்கூடாது. வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளைத் திரவ மருந்துகளில் பலவற்றில் அலுமினியம் இருக்கிறது. அது ஐசோனியாசிட் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்க வேண்டாம். இந்த மருந்துகள் கல்லீரலைப் பாதிக்கவும் கூடும். குடிக்கிறவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அடுத்த வேளை மாத்திரைக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என்னை இன்றைக்கும் வருத்துகிற ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் பகுதியில் ஒரு பெண். இரண்டு பிள்ளைகள், கணவருக்கு நிலையான வேலை இல்லை. அரசு இலவசமாகத் தரும் மாலா-என் கருத்தடை மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டு வந்தவர். காசநோய் மாத்திரை வேறோர் இடத்தில் ஆரம்பித்தார்கள். நான்காம் மாதம் கருவுற்றிருப்பது தெரிந்தது. "மாத்திரையை ஒழுங்கா போடலைன்னு வீட்ல எல்லாரும் என்னைத்தான் திட்டுறாங்க சார். சத்தியமா ஒருநாளும் விடல" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவர் சொன்னது முழு உண்மை. கல்லீரல் செல்லுக்குள் பி.எக்ஸ்.ஆர். என்று ஒரு புரதம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் வேண்டாத பொருள்களை அறிந்து, அவற்றைச் சிதைக்கும் நொதிகளை அதிகம் தயாரிக்கும்படி மரபணுக்களை முடுக்கிவிடுவது அதன் வேலை. ரிஃபாம்பிசின் இந்தப் புரதத்தோடு மிக நன்றாகப் பொருந்துகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் கல்லீரலில் அந்த நொதிகள் பல மடங்கு பெருகிவிடும். அந்த நொதிகள் கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன்களையும் வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்துவிடும். மாத்திரை தினமும் வயிற்றுக்குள் போகிறது, ஆனால் ரத்தத்தில் தேவையான அளவு நிற்பதில்லை. காசநோய் மாத்திரை முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு இந்த நிலை இருக்கும். காப்பர்-டி போன்ற வேறு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று ஆரம்பத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெண்ணின் மாமியாரையும் கணவரையும் வரச்சொல்லி, இதை அவர்கள் எதிரில் விளக்கினேன். திட்டு நின்றது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்கள் சாப்பிடும் மருந்துகள், சில சர்க்கரை மாத்திரைகள் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும் காசநோய்ப் பிரிவில் அட்டையோடு காட்ட வேண்டும்.

என் வேண்டுகோள் இதுதான். உங்கள் மருத்துவப் பக்கத்தில் நோயின் அறிகுறிகளை எழுதுவதோடு, மருந்து எந்த இடத்தில் எதைப் பிடிக்கிறது என்பதையும் வாரம் ஒரு மருந்தாக எழுதுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு என்று ஒவ்வொன்றுக்கும் இதேபோல் சொல்ல நிறைய இருக்கிறது. எழுதுவதற்கு மருந்தியல் பேராசிரியர்கள் நம் அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே இருக்கிறார்கள். படம் போட்டு, பெரிய எழுத்தில் வெளியிட்டால், என்னைப் போல ஜன்னலுக்குப் பின்னால் இன்று நிற்கும் மருந்தாளுநர்கள் அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவைப்பார்கள். வரிசையில் நிற்கும் நேரத்தில் மக்கள் படிப்பார்கள், படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் படித்துக் காட்டுவார்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாது என்றால் சுருக்கிக்கொள்ளுங்கள். பிராக், மிலான் செய்திகளை வெட்டலாம், நொதிகளின் பெயர்களையும் வெட்டலாம். கருத்தடை மாத்திரை பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் வெட்டாமல் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்,
குடியாத்தம்.